பிடி தளர்ந்தால் பறக்கும் திரவம்

உல்லாஸ்நகரில் ஜூலை மாதம். மழை விடாமல் பெய்கிறது. பாரக் வீடுகளுக்குள்ளே கொடி கட்டித் துணி போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் ஆகிறது. ஜீன்ஸ் பேண்ட் இன்னும் ஈரம்.

அதே தெருவில் ஒரு டிஸ்பென்சரி. ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவுகிறார். கண் சிமிட்டும் நேரத்தில் அது காய்ந்துவிடுகிறது. தடவிய இடம் ஜில்லென்று இருக்கிறது.

பக்கத்து வீட்டு அடுப்படியில் தேங்காய் எண்ணெய் சிந்தியது. துடைக்க மறந்துவிட்டார்கள். ஒரு வாரம் ஆகியும் அது அப்படியே கிடக்கிறது.

நீரும் திரவம். ஸ்பிரிட்டும் திரவம். எண்ணெயும் திரவம். ஒன்று உடனே பறக்கிறது. ஒன்று மெல்லப் போகிறது. ஒன்று போகவே மறுக்கிறது. ஏன்?

இது துணி காய்வதைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. தொழிற்சாலையிலும் பட்டறையிலும் வேலை செய்பவர்களுக்கு உயிரைக் காக்கும் கேள்வி.

செய்து பாருங்கள்

ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்கும் விளக்குக்கும் தள்ளி வையுங்கள். தட்டில் ஒரு துளி ஸ்பிரிட் விடுங்கள். சற்றுத் தள்ளி ஒரு துளி நீர். இன்னும் தள்ளி ஒரு துளி தேங்காய் எண்ணெய்.

கடிகாரத்தைப் பாருங்கள். முதலில் காய்வது எது? அடுத்தது எது? மறுநாள் காலையிலும் தட்டில் இருப்பது எது?

மூன்று துளிகளும் ஒரே தட்டில், ஒரே காற்றில், ஒரே வெப்பத்தில்தான் இருந்தன. ஆகவே வித்தியாசம் வெளியே இல்லை. திரவத்துக்கு உள்ளே இருக்கிறது.

துளிக்குள் என்ன இருக்கிறது?

எல்லாப் பொருள்களும் மிக நுண்ணிய துகள்களால் ஆனவை. அவற்றுக்கு மூலக்கூறுகள் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது. ஒரு துளி நீரில் உள்ள மூலக்கூறுகளை எண்ணி எழுத வேண்டுமானால், 1 போட்டு அதன் பின்னால் 21 சைபர் போட வேண்டும். அதுவும் போதாது.

இந்த மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. எப்போதும் ஓடுகின்றன, முட்டுகின்றன, உருளுகின்றன. அதே நேரத்தில் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொண்டும் இருக்கின்றன. இந்தப் பிடிக்கு மூலக்கூறுகளுக்கு இடையேயான ஈர்ப்பு விசை என்று பெயர். இந்தப் பாடத்தில் அதைச் சுருக்கமாகப் பிடி என்றே சொல்லலாம்.

காலை நேரத்து லோக்கல் ரயிலை நினைத்துப் பாருங்கள். பெட்டி நிறையக் கூட்டம். நடுவில் மாட்டிக்கொண்டவர் இறங்க முடியாது. வாசல் அருகே இருப்பவர் இறங்கலாம். அவரையும் உள்ளே இருப்பவர்கள் கையைப் பிடித்து இழுத்தால்? பலமாக உந்தினால்தான் வெளியே வர முடியும்.

திரவத்திலும் அப்படித்தான். மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுதான் வெளியே போக முடியும். அதிலும் வேகமாக ஓடும் மூலக்கூறுதான் பிடியை உதறிவிட்டுக் காற்றில் கலக்கும். இதுவே ஆவியாதல்.

பிடி பலமாக இருந்தால் ஒரு சிலவே தப்பும். திரவம் மெல்லக் காயும். பிடி தளர்வாக இருந்தால் பல தப்பும். திரவம் வேகமாகப் பறக்கும்.

மழைக்காலத்தில் துணி காயாததற்கும் ரயிலிலேயே விடை இருக்கிறது. பிளாட்பாரத்திலும் கூட்டம் நிறைந்திருந்தால் என்ன ஆகும்? நான்கு பேர் இறங்கினால் நான்கு பேர் ஏறிவிடுவார்கள். பெட்டியில் கூட்டம் குறையாது. மழைக்காலக் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருக்கிறது. துணியிலிருந்து வெளியேறும் மூலக்கூறுகளுக்கு ஈடாக, காற்றிலிருந்து மூலக்கூறுகள் துணிக்குத் திரும்பி வருகின்றன. மின்விசிறி போட்டால் ஈரக் காற்று நகர்ந்துபோகும். துணி சற்றுச் சீக்கிரம் காயும்.

தச்சரின் மகன் சொன்ன விடை

இந்தப் பிடியைப் பற்றி ஆழமாகச் சிந்தித்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் வான் டெர் வால்ஸ். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்தவர். 1837ஆம் ஆண்டில் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு தச்சர். வீட்டில் பத்துப் பிள்ளைகள். அவரே மூத்தவர்.

மேல்படிப்புக்கு வசதி இல்லை. அவர் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆனார். வேலை பார்த்துக்கொண்டே படித்தார். பல்கலைக்கழகத் தேர்வு எழுத லத்தீன் மொழியும் கிரேக்க மொழியும் தெரிந்திருக்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. அவை அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவர் விடவில்லை.

1873ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வு நூல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 35. மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று ஈர்க்கின்றன. அந்த ஈர்ப்பால்தான் வாயு திரவமாக மாறுகிறது என்று அதில் கணக்கோடு காட்டினார். 1910ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள இந்தப் பொதுவான பிடிக்கு இன்று அவருடைய பெயரே வழங்குகிறது.

நீரின் பிடி ஏன் பலமானது?

வான் டெர் வால்ஸ் விசை எல்லா மூலக்கூறுகளுக்கும் உண்டு. நீருக்கு அதோடு இன்னொரு பிடியும் உண்டு.

நீரின் மூலக்கூறில் ஒரு ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் இருக்கின்றன. ஆக்சிஜன் பக்கம் சிறிது எதிர் மின்தன்மை. ஹைட்ரஜன் பக்கம் சிறிது நேர் மின்தன்மை. நேரும் எதிரும் ஒன்றை ஒன்று இழுக்கும். ஆகவே ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. இதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். கும்மி அடிக்கும் பெண்கள் கை கோத்து நிற்பதுபோல நீர் மூலக்கூறுகள் கோத்து நிற்கின்றன.

ஸ்பிரிட்டின் மூலக்கூறு வேறு மாதிரி. ஒரு பக்கம் நீரைப் போலக் கை கோக்கும். மறுபக்கம் அந்தக் கை கிடையாது. பாதிப் பிடிதான். அதனால் நீரைவிட வேகமாகப் பறக்கிறது.

தேங்காய் எண்ணெய்க்கு நீரைப் போன்ற கோப்பு இல்லை. ஆனால் அதன் மூலக்கூறு மிகப் பெரியது. நீண்ட சங்கிலிகள் கொண்டது. சங்கிலியின் நீளம் முழுவதும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வோர் இடத்திலும் சிறு பிடி. எல்லாம் சேர்ந்தால் பெரும் பிடி. அதனால்தான் அது பறப்பதில்லை. பெட்ரோலின் மூலக்கூறு சிறியது, வேகமாகப் பறக்கும். மண்ணெண்ணெயின் மூலக்கூறு அதைவிட நீளமானது, மெல்லப் போகும்.

கொதிநிலை சொல்லும் சேதி

ஒரு திரவத்தின் பிடி எவ்வளவு பலம் என்று எப்படி அறிவது? அதன் கொதிநிலையைப் பார்த்தால் போதும். பிடி பலமானால் அதை விடுவிக்க அதிகச் சூடு வேண்டும்.

கார்பன் டைசல்ஃபைடு: 46 டிகிரி
அசிட்டோன் (நகப் பூச்சு அழிக்கும் திரவத்தில் இருப்பது): 56 டிகிரி
எத்தனால் (ஸ்பிரிட்): 78 டிகிரி
நீர்: 100 டிகிரி
கிளிசரின்: 290 டிகிரி

ஒன்றை மறக்கக் கூடாது. ஆவியாவதற்குத் திரவம் கொதிக்க வேண்டியதில்லை. கொடியில் உள்ள துணி கொதித்தா காய்கிறது? எந்த வெப்பநிலையிலும் ஆவியாதல் நடக்கும். ஆனால் கொதிநிலை குறைந்த திரவம், சாதாரண வெயிலிலேயே மிக வேகமாக ஆவியாகும்.

கனமான பொருள் மெல்லப் பறக்கும் என்று சிலர் நினைக்கலாம். பட்டியலில் முதலில் உள்ள கார்பன் டைசல்ஃபைடைப் பாருங்கள். அதன் மூலக்கூறு எடை 76. நீரின் மூலக்கூறு எடை 18. கார்பன் டைசல்ஃபைடு நான்கு மடங்குக்கும் மேல் கனமானது. ஆனாலும் அதுதான் முந்திப் பறக்கிறது. அதன் மூலக்கூறு நேர்கோடு போன்றது. நடுவில் கார்பன். இரு பக்கமும் கந்தகம். நீரைப் போல நேர் முனை, எதிர் முனை என்று இல்லை. கை கோக்க வழி இல்லை. கனம் இருந்தும் பிடி இல்லை.

வியர்வையும் மண்பானையும்

பிடியை உதறிவிட்டுப் போகும் மூலக்கூறு வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. மிஞ்சியிருக்கும் திரவம் குளிர்கிறது. மண்பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது. உள்ளே உள்ள நீர் குளிர்கிறது.

நம் உடலுக்கும் இதுவே காவல். ஒரு கிராம் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கலோரி போதும். ஒப்பிட்டுப் பாருங்கள். நீரின் பிடி பலமானது. அதை விடுவிக்க இவ்வளவு வெப்பம் செலவாகிறது. அதனால்தான் கொஞ்சம் வியர்வையே நிறையக் குளிர்ச்சி தருகிறது.

கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழிகிறது, ஆனால் ஆவியாவதில்லை. வழியும் வியர்வை உடலைக் குளிர்விக்காது. அப்படிப்பட்ட நாளில் தகரக் கூரையின் கீழ் வேலை செய்பவர்கள் அடிக்கடி நீர் குடிக்க வேண்டும். காற்றோட்டம் உள்ள இடத்தில் ஓய்வு எடுக்க வேண்டும்.

உல்லாஸ்நகரும் ரேயான் நூலும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்யாண் அருகே ராணுவ முகாம் ஒன்று இருந்தது. 1947ஆம் ஆண்டில் நாடு பிரிந்தது. சிந்து மாகாணத்திலிருந்து வந்த அகதிகளுக்கு அந்த முகாமின் பாரக் கட்டடங்களில் இடம் கொடுக்கப்பட்டது. 1949 ஆகஸ்ட் 8ஆம் தேதி இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ராஜாஜி அங்கே புதிய நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார். உல்லாஸ் ஆற்றின் பெயரால் அது உல்லாஸ்நகர் ஆனது. பிறகு பல தொழில்கள் வளர்ந்தன. அவற்றில் ஒன்று ஷஹாட் பகுதியில் உள்ள செஞ்சுரி ரேயான் ஆலை.

ரேயான் என்பது பட்டுப் போல மின்னும் நூல். மரக்கூழிலிருந்து செய்யப்படுகிறது. மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊற வைப்பார்கள். பிறகு கார்பன் டைசல்ஃபைடு சேர்ப்பார்கள். தேன் போன்ற குழம்பு கிடைக்கும். அதை நுண்துளைகள் வழியே அமிலத்துக்குள் செலுத்தினால் இழையாக வெளிவரும். அப்போது கார்பன் டைசல்ஃபைடு மறுபடியும் பிரிந்து ஆவியாக எழும்.

அதாவது, பட்டியலில் முதலில் நின்ற அந்தப் பிடி இல்லாத திரவம், இந்தத் தொழிலில் அன்றாடம் புழங்கும் பொருள்.

அதன் கொதிநிலை 46 டிகிரி. மே மாத வெயிலில் நிற்கும் இரும்புத் தகடு இந்தச் சூட்டை எளிதில் தாண்டும். அதன் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழும். பள்ளத்திலும் சாக்கடையிலும் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கைச் சற்றே தாண்டிக் கலந்தாலும் அந்தக் கலவை தீப்பற்றும். நெருப்புகூடத் தேவை இல்லை. சுமார் 90 டிகிரி சூடுள்ள குழாய் பட்டாலே அந்த ஆவி பற்றிக்கொள்ளலாம்.

2023 செப்டம்பர் 23ஆம் தேதி, சனிக்கிழமை. கார்பன் டைசல்ஃபைடு ஏற்றுவதற்காக ஷஹாட் ஆலைக்கு ஒரு டேங்கர் வந்திருந்தது. ஏற்றுவதற்கு முன் அதைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது டேங்கர் வெடித்தது. தொழிலாளர்கள் உயிரிழந்தனர். சிலர் காயமடைந்தனர்.

பொதுவாக இத்தகைய தொட்டிகளைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். திரவத்தை இறக்கிய பிறகும் அடியில் சிறிது மிஞ்சும். பிடி தளர்ந்த அந்தச் சிறிதளவு திரவம் தொட்டி முழுவதையும் ஆவியால் நிரப்பிவிடும். பார்வைக்குக் காலி. உண்மையில் காலி அல்ல.

நீரே காவல்

பிடி இல்லாத திரவத்தை எப்படி அடக்கி வைப்பது? அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கார்பன் டைசல்ஃபைடு நீரோடு கலப்பது மிகவும் குறைவு. நீரைவிட அடர்த்தியானது. அதனால் அடியில் தங்கும். மேலே நீரை ஊற்றினால் நீர் போர்வைபோல மூடிக்கொள்ளும். பலமாகக் கை கோத்த நீர் மூலக்கூறுகள், கீழே உள்ள மூலக்கூறுகளை எளிதில் வெளியே விடுவதில்லை. அதனால் இந்தத் திரவத்தை நீருக்கு அடியில் வைத்துப் பாதுகாப்பார்கள். அல்லது மேலே நைட்ரஜன் வாயுவை நிரப்புவார்கள். நைட்ரஜன் எரியாது. பிற பொருள் எரியவும் உதவாது.

மெல்லக் கொல்லும் ஆவி

தீ மட்டுமே ஆபத்து அல்ல. 1856ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகர மருத்துவர் டெல்பெஷ் இதை எழுதினார். அந்தக் காலத்தில் ரப்பர்ப் பொருள்கள் செய்யக் கார்பன் டைசல்ஃபைடு பயன்பட்டது. சிறு அறைகளில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தலைவலி வந்தது. கை கால் வலுவிழந்தது. தூக்கம் கெட்டது. மனநிலையும் மாறியது.

தென் கொரியாவில் வோன்ஜின் ரேயான் என்ற ஆலை இருந்தது. அங்கே வேலை செய்தவர்களில் நூற்றுக்கணக்கானோருக்கு இந்த ஆவியால் நோய் வந்தது. தொழிலாளர்களும் குடும்பத்தாரும் நீண்ட காலம் போராடினார்கள். 1993ஆம் ஆண்டில் அந்த ஆலை மூடப்பட்டது.

போபாலை யாரும் மறக்க முடியாது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு அங்கே பரவிய மெத்தில் ஐசோசயனேட்டும் தொட்டியில் திரவமாகவே இருந்தது. அதன் கொதிநிலை 39 டிகிரி. தொட்டிக்குள் நீர் புகுந்தது. வேதிமாற்றம் நடந்து சூடு ஏறியது. திரவம் வாயுவாகி ஊருக்குள் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

அதன் பிறகு 1987ஆம் ஆண்டில் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான பொருள்களைக் கையாளும் தொழிற்சாலைகள், அந்த ஆபத்தைத் தொழிலாளர்களுக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் சொல்ல வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

பெரிய ஆலையில் மட்டும் இல்லை இந்த ஆபத்து. தாராவியின் தோல் பட்டறையில் ஒட்டும் பசையான சொல்யூஷன் உண்டு. மரச்சாமான் பட்டறையில் தின்னர் உண்டு. மெக்கானிக் கடையில் பெட்ரோல் உண்டு. எல்லாமே பிடி தளர்ந்த திரவங்கள்.

1. டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள். எடுத்ததும் மூடுங்கள். மூடாத டப்பாவில் பணமும் போகும், மூச்சும் கெடும்.

2. கதவு, சன்னலைத் திறந்து வையுங்கள். ஆவி தரையோடு தங்கும். கீழ்ப் பகுதியிலும் காற்றோட்டம் வேண்டும்.

3. அதே அறையில் அடுப்பு வேண்டாம். பீடி வேண்டாம். ஸ்விட்சில் எழும் பொறியும் போதும் தீப்பிடிக்க.

4. தின்னராலோ பெட்ரோலாலோ கை கழுவாதீர்கள். தோல் வழியாகவும் அது உடலுக்குள் போகும்.

5. காலி டிரம்மை வெட்டாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். உள்ளே என்ன இருந்தது என்று முதலில் கேளுங்கள். முறையாகக் கழுவி, ஆவி இல்லை என்று சோதித்த பிறகே தொடலாம்.

6. மீதமான திரவத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அடுத்த தெருவில் அது ஆவியாக எழும்.

7. வாசனை போய்விட்டது, ஆபத்தும் போய்விட்டது என்று எண்ணாதீர்கள். சிறிது நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். ஆவி அங்கேயேதான் இருக்கும்.

8. யாராவது மயங்கினால் திறந்த வெளிக்குக் கொண்டு வாருங்கள். உடனே மருத்துவரை அழையுங்கள். தொட்டிக்குள் மயங்கியவரை மீட்கத் தனியாக இறங்காதீர்கள். இறங்கியவரும் மயங்கி விழுந்த சம்பவங்கள் பல உண்டு.

எழுத்தறிவு இங்கேதான் கைகொடுக்கிறது. டிரம்மின் மேல் ஒட்டிய சீட்டில் பொருளின் பெயர் இருக்கும். தீச்சுடர்ப் படம் இருந்தால் தீப்பற்றும் பொருள். மண்டை ஓட்டுப் படம் இருந்தால் நஞ்சு. சீட்டு வேறு மொழியில் இருந்தால் படித்துச் சொல்லும்படி கேளுங்கள். சீட்டே இல்லாத டிரம்மைத் தொட மறுக்கலாம். கேட்பதில் வெட்கம் இல்லை.

திரவம் அசையாமல் கிடப்பதுபோலத் தெரியும். ஆனால் அதன் மேற்பரப்பிலிருந்து ஒவ்வொரு நொடியும் மூலக்கூறுகள் பறந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் பிடி எவ்வளவு தளர்வோ, நம் எச்சரிக்கை அவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்.

விடை சொல்லுங்கள்

1. ஸ்பிரிட், நீர், தேங்காய் எண்ணெய் – இவற்றில் பிடி தளர்ந்தது எது?
2. மழைக்காலத்தில் துணி ஏன் மெல்லக் காய்கிறது?
3. கார்பன் டைசல்ஃபைடு நீரைவிடக் கனமான மூலக்கூறு. ஆனாலும் ஏன் வேகமாக ஆவியாகிறது?
4. காலி டிரம் ஏன் ஆபத்தானது?

சேர்ந்து பேசுங்கள்

நீங்கள் வேலை செய்யும் இடத்தில் என்னென்ன திரவங்கள் இருக்கின்றன? அவற்றில் வேகமாகப் பறப்பவை எவை? ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொன்றும் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, மூடி இருக்கிறதா, பக்கத்தில் நெருப்பு உண்டா என்று பார்த்து அதன் எதிரே எழுதுங்கள்.

புதிய சொற்கள்

மூலக்கூறு – பொருளின் தன்மை மாறாத மிகச் சிறு துகள்
ஆவியாதல் – திரவம் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிக் காற்றில் கலப்பது
கொதிநிலை – திரவம் கொதிக்கும் வெப்பநிலை
ஈர்ப்பு விசை – ஒன்றை ஒன்று இழுக்கும் பிடி